வாசகர் கேள்வி பதில்: ரிப்பேர் பண்ணின இன்ஜின் மலையேறும்போது நின்னுட்டா யார் பொறுப்பு?

இந்த வாட்டி நம்ம தென்னாப்பிரிக்கா வாசகர்கள்கிட்டேர்ந்து வண்டிக் கேள்விதான் அதிகமா வந்திருக்கு. முதல் கடிதம் நம்மள்ல நிறைய பேருக்கு நடக்குற விஷயம், அதனால அதுக்கு இடம் தாராளமா எடுத்துக்கிட்டேன், மத்தவங்க கேள்விக்கு பதில் சின்னதா இருந்தா கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: அண்ணா வணக்கம். நான் டர்பன் பக்கம் சேட்ஸ்வொர்த். கிளேர்வுட் மார்க்கெட்ல காய்கறி எடுத்து கடைங்களுக்குப் போடுறேன், ஒரே ஒரு பழைய டீசல் பக்கிதான் (பின்னாடி லோடு ஏத்துற சின்ன வண்டி), அதுலதான் எங்க வீட்டு அடுப்பு எரியுது. டைமிங் பெல்ட் (வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்துல ஓட வைக்கிற பெல்ட்) மாத்துற கிலோமீட்டர் வந்துடுச்சுன்னு எங்க ஏரியா வொர்க்ஷாப்ல விட்டேன். பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர், வாட்டர் பம்ப் எல்லாம் புதுசு, லேபரோட 8,500 ராண்ட், பேங்க்ல போட்டேன். மூணு வாரம் நல்லாத்தான் ஓடுச்சு. அப்புறம் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி டவுன் ஹில்ங்கிற மலைச்சரிவுல ஏறும்போது திடீர்னு டமார்னு ஒரு சத்தம், வண்டி ஆஃப். டெம்பரேச்சர் முள்ளு நடுவுலதான் இருந்துச்சு, நான் சத்தியமா பாத்தேன். பானெட்டைத் தூக்கிப் பாத்தா தண்ணி சுத்தமா இல்ல. வொர்க்ஷாப்காரரே ஆள் அனுப்பி இழுத்துட்டுப் போனாரு. இப்ப என்ன சொல்றாருன்னா, நீ தண்ணி பாக்காம ஹீட்லயே ஓட்டிட்ட, என் வேலைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, ஹெட்டை (இன்ஜினோட மேல் பாகத்தை) கழட்டிப் பாக்க 4,500, இன்ஜின் கட்ட 45,000 ஆகும்னு சொல்றாரு. சுவத்துல "வண்டி உரிமையாளர் பொறுப்பில், லேபருக்கு கேரண்டி இல்லை"ன்னு போர்டு வேற. காவடிக்கு ஒண்ணா நிக்கிறவங்கண்ணா நாங்க, சண்டை வேணாம்னு வீட்டுல சொல்றாங்க. என்ன செய்ய?

பதில்: தம்பி, மத்ததெல்லாம் அப்புறம் படிக்கலாம், மொதல்ல போனை எடுத்து அவருக்கு வாட்ஸ்அப்ல ஒரு வரி போடுங்க. "என் வண்டி இன்ஜினை யாரும் கழட்ட வேண்டாம், ஸ்டார்ட்டர் அடிக்க வேண்டாம், நான் சொல்ற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்." வாயால சொல்லாதீங்க, எழுத்துல போகணும். அவரு பாத்துட்டாருன்னு தெரிஞ்சதும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க. முடிஞ்சா இன்னைக்கே நேர்ல போய் வண்டி நிக்கிற கோலத்தை போட்டோ எடுங்க, கிலோமீட்டர் மீட்டர், பெல்ட் கவர் இருக்குற பக்கம், பம்ப் பக்கம், ரேடியேட்டர் ஹோஸ் ஒவ்வொண்ணும், கீழ படுத்து சம்ப் (ஆயில் தேங்குற அடித் தொட்டி) பக்கம் எல்லாம்.

இதுக்கு இவ்வளவு அவசரம் ஏன்னு கேப்பீங்க. உங்களுக்கும் அவருக்கும் நடக்குற வழக்குல சாட்சின்னு இருக்கிறது அந்த இன்ஜின் மட்டும்தான். அவரு கழட்டி, கழுவி, பார்ட்ஸைத் தட்டுல போட்டுட்டாருன்னா அப்புறம் அவரு சொல்றதுதான் கதை. அவரு நல்லவராவே இருந்தாலும் சரி, கழட்டுற நேரத்துல எந்த போல்ட் லூஸா இருந்துச்சு, எங்க கூலன்ட் (ரேடியேட்டர் தண்ணி) காஞ்சு படிஞ்சிருந்துச்சுங்கிறதெல்லாம் ஸ்பேனரை வச்ச முதல் நிமிஷத்துல போயிடும். நான் பாத்த வரைக்கும் இந்த மாதிரி தகராறுல தோத்தவங்க பாதிப் பேரு நியாயம் இல்லாம தோக்கல, இன்ஜினை முன்னாடியே பிரிக்க விட்டுத்தான் தோத்தாங்க.

இப்ப உள்ள என்ன நடந்திருக்கும்னு பாப்போம். நிறைய டீசல் இன்ஜின்ல வாட்டர் பம்பை சுத்துறதே டைமிங் பெல்ட்தான், பெல்ட் வேலை பண்ணும்போதே பம்பையும் சேர்த்து மாத்துறது அதனாலதான். உங்களுதும் அந்த ரகம்னா மூணு விதமா நடந்திருக்கலாம்.

ஒண்ணு, பம்ப் உக்காருற இடத்துல கேஸ்கெட் சரியா உக்காரல, இல்ல போல்ட்டை எவ்வளவு இறுக்கணுமோ அந்த அளவுக்கு இறுக்கல, சொட்டு சொட்டா தண்ணி போயிருக்கு. டர்பனுக்குள்ள சுத்துற வரைக்கும் தெரியாது. கடல் மட்டத்துலேர்ந்து லோடோட கிளம்பி ஹில்டன் போறதுக்குள்ள ஆயிரம் மீட்டருக்கு மேல ஏறணும், அதுல டவுன் ஹில்லுதான் செம செங்குத்து, குறைஞ்ச தண்ணியில ஓடுன இன்ஜின் அங்கதான் மாட்டும். இப்படி நடந்திருந்தா பம்புக்குப் பின்னாடி, பெல்ட் கவருக்கு உள்பக்கம் கூலன்ட் காஞ்சு பொரை பொரையா படிஞ்சிருக்கும், பச்சையோ ரோஸோ நீங்க ஊத்துன கலர்லயே இருக்கும். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாத்தா ஆயில் பால் காபி மாதிரி இருக்கலாம், ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், அலுமினியம் ஹெட்டா இருந்தா கோணியிருக்கும். ஹெட்டு மேல நேர் பட்டையை வச்சு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்குற மெல்லிசுத் தகடு) விட்டுப் பாத்தா தெரிஞ்சிடும், பல இன்ஜின்ல ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு கோணினாலே ஹெட் வேலைக்கு ஆகாது.

ரெண்டாவது, பெல்ட்டே போயிருக்கு. டென்ஷனர் போல்ட் கழண்டிருக்கலாம், பெல்ட்டைத் தாங்கி ஓடுற ஐட்லர் புல்லியை மாத்தாம பழசையே விட்டிருக்கலாம், இல்ல புது பம்போட பேரிங்கே பிடிச்சு பெல்ட்டை அறுத்திருக்கலாம். டீசல் இன்ஜின்ல பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவுல இடம் ரொம்பக் கம்மி, பெல்ட் தப்பினா அடுத்த சுத்துலயே வால்வு பிஸ்டன்ல மோதும். நீங்க கேட்ட டமார் சத்தம் அதுவாக்கூட இருக்கலாம். அப்படின்னா பிஸ்டன் தலையில வால்வு அடிச்ச தடம் பிறை மாதிரி பதிஞ்சிருக்கும், வால்வு வளைஞ்சிருக்கும், ஆனா ஹெட் கோணியிருக்காது. பேரிங் சூட்டுல நீலம் பாஞ்சிருக்கும். பெல்ட்டுல பல்லு ஒரு இடத்துல மட்டும் வழிச்சுப் போயிருக்கா, இல்ல நடுவுல அறுந்திருக்கான்னு பாத்தாலே விஷயம் தெரிஞ்சவங்க எதனால போச்சுன்னு பெரும்பாலும் சொல்லிடுவாங்க. பம்ப் தண்டு உடைஞ்சிருந்தா தண்ணி போனதும் பெல்ட் போனதும் ஒரே நேரத்துல, நீங்க முள்ளு நடுவுல இருந்துச்சுன்னு சொல்றதுக்கும் அது பொருந்தும்.

மூணாவதையும் சொல்லிடுறேன், மறைக்கக் கூடாது. பழைய ரேடியேட்டர் ஹோஸ் வெடிச்சோ, ரேடியேட்டரே விட்டோ தண்ணி போயிருந்தா, அதை அவரு தொடவே இல்லன்னா, அவரு சொல்றது சரிதான், அவர்கிட்ட கேக்க உங்களுக்கு ஒண்ணும் இல்ல. கடிதத்தை மட்டும் வச்சு நான் தீர்ப்பு சொல்ல முடியாது, அவராலயும் கழட்டாம சொல்ல முடியாது, அப்படியிருக்க "என் வேலைக்கு சம்பந்தம் இல்ல"ன்னு பானெட்டைத் திறந்த உடனே சொன்னாரு பாருங்க, அதுதான் எனக்கு ஒத்துக்கல.

அந்த முள்ளு விஷயம் முக்கியம். நீங்க ஹீட்ல ஓட்டிட்டீங்கன்னு அவரு பிடிச்சுக்கப் போறது அதைத்தான். டெம்பரேச்சர் சென்சார் தண்ணிக்குள்ள மூழ்கியிருந்தாத்தான் ஒழுங்கா காட்டும். தண்ணி அதுக்குக் கீழ இறங்கிட்டா சென்சாரைச் சுத்தி வெறும் காத்தும் ஆவியும்தான், இன்ஜின் வெந்துக்கிட்டு இருந்தாலும் முள்ளு நடுவுலயே நிக்கும், சில நேரம் கீழகூட இறங்கும். அதனால முள்ளு ஏறலங்கிறதும் தண்ணி இல்லங்கிறதும் ஒண்ணுக்கொண்ணு முரண் இல்ல, நீங்க பொய் சொல்றீங்கன்னு அர்த்தமும் இல்ல. முள்ளு சிவப்புக்கு ஏறின பிறகும் மிதிச்சுட்டே போனீங்கன்னாத்தான் அது உங்க தப்பு.

சட்டத்துக்கு வரேன். நம்ம நாட்டுல 2008-ல போட்டு 2011-ல நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. நீங்க வியாபாரத்துக்கு வண்டி வச்சிருந்தாலும் கம்பெனி கிடையாது, தனி ஆள், அதனால சட்டம் உங்களைக் காப்பாத்தும். அதுல 57-வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, ரிப்பேர்ல போடுற ஒவ்வொரு புது பார்ட்டுக்கும், ரீகண்டிஷன் பார்ட்டுக்கும், அதை மாட்டுற லேபருக்கும் குறைஞ்சது மூணு மாசம் கேரண்டி. நல்லாக் கவனிங்க, லேபருக்கும்! இது வொர்க்ஷாப்காரர் மனசு வச்சு கொடுக்குறது இல்ல, சட்டம் அவர் தலையில வச்சது. சுவத்துல போர்டு மாட்டி இதை எடுத்துட முடியாது, சட்டம் கொடுத்த உரிமையைப் பறிக்கிற வாசகம் செல்லாதுன்னு 51-வது பிரிவுல இருக்கு, படு அலட்சியத்தால வந்த நஷ்டத்துக்கும் பொறுப்பு இல்லன்னு எழுதி தப்பிக்கவும் முடியாது. ஆனா அதே 57-ல, வண்டியைத் தப்பா உபயோகிச்சு பாழ் பண்ணினா கேரண்டி போயிடும்னும் இருக்கு, சாதாரணத் தேய்மானத்துக்கும் கிடையாது. "ஹீட்ல ஓட்டிட்ட"ன்னு அவரு திரும்பத் திரும்பச் சொல்றது ஏன்னு இப்ப புரியுதா?

54-வது பிரிவையும் சேர்த்துப் படிங்க. வேலை தரமா இல்லன்னா ஒண்ணு அந்தக் குறையை சரி பண்ணச் சொல்லலாம், இல்ல கொடுத்த காசுல நியாயமான பங்கைத் திருப்பிக் கேக்கலாம், எதுன்னு நீங்க சொல்லணும். அதனால அவருக்கு சொல்லாம வேற இடத்துல இன்ஜினைக் கட்டிட்டு பில்லை மட்டும் நீட்டாதீங்க, சரி பண்ண எனக்கு வாய்ப்பே கொடுக்கலையேன்னு அவரு கேட்டா உங்க கேஸ் பலவீனமாயிடும்.

அந்த 4,500 ராண்ட். எஸ்டிமேட் போடுறதுக்காகக் கழட்டிப் பாக்குற செலவை முன்கூட்டியே சொல்லி நீங்க சம்மதிச்சாத்தான் வாங்கலாம்னு 15-வது பிரிவு சொல்லுது. இப்போதைக்கு சம்மதிக்காதீங்க. அதுக்குப் பதிலா ரெண்டு பேருக்கும் சம்பந்தமில்லாத ஒரு இன்ஜின் இன்ஜினியரிங் ஷாப்புக்கு வண்டியைக் கொண்டு போய், அவரையும் கூப்பிட்டு, அவர் கண்ணு முன்னாடி கழட்டச் சொல்லுங்க. ரீட்டெயில் மோட்டார் இண்டஸ்ட்ரி ஆர்கனைசேஷன்னு ஒரு சங்கம் இருக்கு, அதுக்குள்ளயே இன்ஜின் கட்டுறவங்களுக்குன்னு தனி பிரிவு உண்டு, அதுல மெம்பரா இருக்குற ஷாப்பாப் பாத்துப் போனா ரிப்போர்ட்டுக்கு மதிப்பு. ரிப்போர்ட்ல "இன்ஜின் போச்சு"ன்னு மட்டும் எழுதி வாங்காதீங்க, அது எல்லாருக்கும் தெரியும். எது மொதல்ல போச்சு, அதனால எது போச்சு, அது மூணு வாரம் முன்னாடி நடந்த வேலையோட சேருதா இல்லையா, போட்டோவோட வேணும்னு கேளுங்க. செலவை இப்ப பாதி பாதி போட்டுக்கலாம், தப்பு யார் பக்கம்னு வருதோ அவரு முழுசா ஏத்துக்கணும்னு முன்னாடியே எழுதிக்கலாம்.

கடிதத்தை இங்கிலீஷ்ல எழுதுங்க, விஷயம் இவ்வளவுதான்: "இந்தத் தேதியில இந்த வேலைக்கு இவ்வளவு கொடுத்தேன், இத்தனை கிலோமீட்டர்ல இருந்துச்சு. இந்தத் தேதியில இந்த இடத்துல இன்ஜின் நின்னுச்சு, அப்ப மீட்டர் இவ்வளவு. உங்க வேலைக்கும் பார்ட்ஸுக்கும் சட்டப்படி மூணு மாசம் கேரண்டி இருக்கு. இன்ஜினைக் கழட்ட நான் சம்மதிக்கல. பொதுவான ஒருத்தர் முன்னாடி ரெண்டு பேரும் சேர்ந்து திறந்து பாப்போம், எந்த நாள் உங்களுக்கு தோதுன்னு சொல்லுங்க. மாத்தின பழைய பார்ட்ஸையும், புது பார்ட்ஸ் வாங்கின பில் நகலையும் கொடுங்க." கோபம் வேணாம், மிரட்டல் வேணாம். ஜாப் கார்டு (வேலை விவரம் எழுதின வொர்க்ஷாப் சீட்டு), பேங்க் ரசீது நகல் சேர்த்து ஈமெயில்லயும் வாட்ஸ்அப்லயும் அனுப்புங்க.

பழைய பார்ட்ஸையும் பில்லையும் கேக்குற அந்த கடைசி வரி சும்மா போடல. காவடிக்கு ஒண்ணா நிக்கிறவரு, எப்படி எழுத்துல கொடுக்கிறதுன்னு வீட்டுல தயங்குறாங்கல்ல, அவங்களுக்கு இதைப் படிச்சுக் காட்டுங்க. பம்ப்பே மோசமான பம்ப்னு ரிப்போர்ட்ல வந்துச்சுன்னா அவரு மாட்டின வேலை சுத்தம், அவரு ஸ்பேர்ஸ் கடைமேல போகலாம். பழுதான பொருளால வந்த சேதத்துக்கு, அலட்சியம் இருந்துச்சா இல்லையான்னு பாக்காமலே, தயாரிச்சவர்லேர்ந்து இறக்குமதி பண்ணினவர், வித்தவர் வரைக்கும் பொறுப்பாக்குறது 61-வது பிரிவு. ஆனா அந்த பம்பும் பில்லும் கையில இருந்தாத்தான் அதெல்லாம் நடக்கும். இன்ஜினைத் திறக்காம வைக்கிறது அவருக்கும் சேர்த்துத்தான் நல்லது, இதை அவர்கிட்டயே நேர்ல உக்காந்து சொல்லுங்க, டீ குடிச்சுக்கிட்டே சொல்லுங்க, ஆனா எழுத்துல கொடுத்துட்டு அப்புறம் சொல்லுங்க. எழுத்துல கொடுக்காம வாய்ப்பேச்சா இழுத்து இழுத்து, ரெண்டு குடும்பமும் கோயில்ல முகம் பாக்காம போனதைத்தான் நான் அதிகம் பாத்திருக்கேன்.

அவரு ஒத்து வரலன்னா மோட்டார் இண்டஸ்ட்ரி ஓம்பட்ஸ்மேன் இருக்காங்க, வண்டி விக்கிறவங்க, ரிப்பேர் பண்றவங்க மேல புகாரைக் கேக்கவே இருக்குற அமைப்பு, நீங்க கட்டணம் எதுவும் கட்ட வேண்டியது இல்ல. நீங்க ஏற்கெனவே வொர்க்ஷாப்புக்கு எழுதி அவரு முடியாதுன்னு சொன்னதுக்கு ஆதாரம் கேப்பாங்க, அந்தக் கடிதம் இங்க உதவும். அவங்க ரெண்டு பக்கமும் கேட்டு பரிந்துரை சொல்லுவாங்க, பெரும்பாலும் காகிதத்தை வச்சுத்தான் முடிவு, நேர்ல வந்து இன்ஜினைப் பாக்க மாட்டாங்க, அதனால ரிப்போர்ட் எப்படியோ அப்படித்தான் முடிவும்.

கோர்ட்டுன்னா ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்ல 20,000 ராண்ட் வரைக்கும்தான் கேக்கலாம், வக்கீல் வைக்கக் கூடாது, நீங்களே பேசணும், அதுக்கு முன்னாடி 14 நாள் டைம் கொடுத்து டிமாண்ட் லெட்டர் அனுப்பணும். உங்க நஷ்டம் 45,000-க்கு மேல. மிச்சத்தை விட்டுட்டு 20,000 போதும்னு அங்க போகலாம், இல்ல 2 லட்சம் ராண்ட் வரைக்கும் பாக்குற மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்குப் போகணும், அங்க வக்கீல் செலவு வரும், கணக்குப் போட்டுப் பாருங்க. பக்கி இல்லாத நாளுக்கு வாடகை வண்டி எடுத்தா ரசீது வைங்க, மார்க்கெட் சிலிப்பையும் தூக்கிப் போடாதீங்க, வருமானம் போனதைக் காட்ட வேற வழி கிடையாது.

கேள்வி: வணக்கம் அண்ணா, வெருலம்லேர்ந்து எழுதுறேன். ஒரு சர்வீஸ் சென்டர்ல ஆயில் மாத்தினேன். ரெண்டு நாள்ல வீட்டு வாசல்ல ஆயில் தேங்கி இருந்துச்சு. அடுத்த நாள் வேலையிலேர்ந்து வரும்போது சிவப்பு ஆயில் லைட் வந்துச்சு, வீடு பக்கம்தானேன்னு ஓட்டிட்டு வந்துட்டேன். இப்ப இன்ஜின் டக டகன்னு அடிக்குது. அவங்க வந்து பாத்து ஃபில்டரை மாத்திட்டு, எல்லாம் சரியா இருக்கு, இன்ஜின் பழசு அதான்னு சொல்றாங்க. பழைய ஃபில்டர் எங்கன்னு கேட்டா தூக்கிப் போட்டுட்டோம்னு சொல்றாங்க.

பதில்: தங்கச்சி, ஃபில்டரை எதுக்கு மாத்தினாங்கன்னு மொதல்ல கேளுங்க. எல்லாம் சரியா இருந்தா, மூணு நாள் முன்னாடி போட்ட புது ஃபில்டரை யாராவது மாத்துவாங்களா?

நடக்குற விஷயம் இதுதான். பழைய ஃபில்டரைக் கழட்டும்போது அதோட ரப்பர் வளையம் சில நேரம் இன்ஜின்லயே ஒட்டிக்கும். அதைப் பாக்காம புது ஃபில்டரைப் போட்டா ரெண்டு ரப்பர் ஒண்ணு மேல ஒண்ணு உக்காரும். ஸ்டார்ட் பண்ணிப் பாக்கும்போது ஒழுகாது, ஓட ஓட பிரஷர்ல ஒண்ணு பிதுங்கி ஆயில் கொட்டும். டிரெய்ன் பிளக்கை இறுக்காம விட்டாலும், பழைய வாஷரையே போட்டாலும் ஒழுகும்தான், ஆனா உங்க கதைக்கு ஃபில்டர்தான் பொருந்துது.

கழட்டின பார்ட்ஸை மத்தவங்க பார்ட்ஸோட கலக்காம வச்சு, சுத்தமான டப்பாவுல போட்டு திருப்பிக் கொடுக்கணும்னு 67-வது பிரிவு சொல்லுது, வேணாம்னு நீங்களே சொன்னாத்தான் அவங்க வச்சுக்கலாம். நீங்க வேணாம்னு சொல்லல. "ஃபில்டரைக் கேட்டேன், தூக்கிப் போட்டாச்சுன்னு சொன்னீங்க"ன்னு இன்னைக்கே ஈமெயில் போடுங்க, ஆதாரம் காணாமப் போனது அவங்க கையாலன்னு பதிவாகட்டும். வாசல்ல ஆயில் கறை இன்னும் இருந்தா போட்டோ எடுங்க. வண்டியைத் தூக்கி அடியில பாக்கச் சொல்லுங்க, ஃபில்டர்லேர்ந்து பின்பக்கமா காத்துல ஆயில் தெளிச்ச தடம் இருக்கும், அதைக் கழுவ விடாதீங்க.

சிவப்பு லைட் வந்த பிறகு ஓட்டுனது உங்களுக்கு எதிரா வரும், அதைச் சொல்லாம விட முடியாது. அந்த லைட் ஆயில் அளவைக் காட்டுறது இல்ல, பிரஷர் போச்சுங்கிறதைக் காட்டுறது, பேரிங் வெறும் இரும்பா உரசிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், அங்கயே ஓரம் கட்டி ஆஃப் பண்ணணும். அதுக்காக முழுசும் உங்க தலையில விழாது. லைட் வர்றதுக்குக் காரணமே அவங்க வேலைன்னு காட்டினா பேச இடம் இருக்கு. எவ்வளவு தூரம் ஓட்டுனீங்கன்னு கேட்டா உள்ளதைச் சொல்லுங்க, கூட்டிக் குறைச்சுச் சொன்னா மத்த எதையும் நம்ப மாட்டாங்க. டக டக சத்தத்தோட இனி ஒரு மீட்டர்கூட ஓட்டாதீங்க.

கேள்வி: ஃபீனிக்ஸ் வாசகர். கியர்பாக்ஸுக்குன்னு விட்டேன், 12,000-ன்னு சொல்லிட்டு இப்ப இன்ஜின் மவுண்ட்டு, கிளட்ச்சுன்னு 21,000 கேக்குறாங்க, கட்டாம வண்டி தர மாட்டாங்களாம், வண்டி அங்க நிக்கிறதுக்கு நாளுக்கு நாள் ஸ்டோரேஜ் வாடகை வேற ஏறுதாம். ஸ்பேர் சாவி வீட்டுல இருக்கு, ராத்திரி போய் எடுத்துட்டு வந்துடலாம்னு பையன் சொல்றான்.

பதில்: பையனைத் தடுத்து நிறுத்துங்க ஐயா. பண்ணின வேலைக்குக் காசு வர்ற வரைக்கும் வண்டியைப் பிடிச்சு வைக்க வொர்க்ஷாப்புக்கு நம்ம சட்டத்துல உரிமை உண்டு. ராத்திரியில எடுத்தா நியாயம் முழுக்க உங்க பக்கம் இருந்தாலும் கோர்ட் மொதல்ல வண்டியைத் திருப்பி வைன்னுதான் சொல்லும், அதுக்கு மேல கிரிமினல் கேஸ் தொல்லை வேற. ஆனா நீங்க சம்மதிக்காத வேலைக்கு, எஸ்டிமேட்டுக்கு மேல காசு கேக்க முடியாதுன்னு 15-வது பிரிவு இருக்கு. கூடுதல் வேலைக்கு நீங்க எப்ப, எதுல சரின்னு சொன்னீங்கன்னு காட்டச் சொல்லுங்க, போன்ல சொன்னீங்கன்னா எந்தத் தேதி, யாருகிட்டன்னு கேளுங்க. 12,000-த்தைக் கட்டத் தயார்னு எழுத்துல கொடுங்க. வண்டி உடனே வேணும்னா முழுசும் கட்டுங்க, கட்டும்போதே "ஆட்சேபணையோட கட்டுறேன், 9,000-த்தைத் திருப்பிக் கேக்குற உரிமையை விடல"ன்னு பில்லுலயே எழுதி, பேங்க் ரெஃபரன்ஸ்லயும் போட்டு அப்புறம் எடுத்துட்டு வாங்க. அந்த 9,000 ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டுக்கு கச்சிதமான கேஸ். ஸ்டோரேஜுக்கு முன்னாடி ஒப்பந்தம் இருந்துச்சான்னு ஜாப் கார்டைப் பாருங்க.

கேள்வி: லெனேசியாவுல இருக்கேன் சார், மதுரையிலேர்ந்து வேலைக்கு வந்தவன். கார் இன்னும் வாரண்டியில இருக்கு, டீலர்கிட்ட சர்வீஸ் ரேட் கட்டுப்படியாகல. வெளிய பண்ணினா வாரண்டி போயிடும்னு ஆஃபீஸ்ல பயமுறுத்துறாங்க.

பதில்: போகாது. வியாபாரப் போட்டி நியாயமா நடக்குதான்னு பாக்குற அரசு அமைப்பான காம்பெட்டிஷன் கமிஷனோட வழிகாட்டுதல் 2021 ஜூலை 1-லேர்ந்து இருக்கு, வெளிய சர்வீஸ் பண்ணினதுக்காக மட்டுமே வாரண்டியை ரத்து பண்ணக் கூடாது. ஆனா வெளிய பண்ணின வேலையாலதான் பழுது வந்துச்சுன்னா அந்தப் பழுதை டீலர் ஏத்துக்க மாட்டாரு, நீங்க அந்த வொர்க்ஷாப்கிட்டதான் போய் நிக்கணும். அதனால விலையைக் கேக்குறதுக்கு முன்னாடி, என் வண்டிக்கு ஏதாவது ஆனா அதுக்கு கமர்ஷியல் இன்ஷூரன்ஸ் வச்சிருக்கீங்களான்னு கேளுங்க, அதைச் சொல்ல வேண்டியது அவங்க கடமைன்னு அதே வழிகாட்டுதல்ல இருக்கு. முகத்தைச் சுளிச்சா வேற இடம் பாருங்க. ஊத்துற ஆயில் கம்பெனி மேனுவல்ல சொன்ன கிரேடுதான்னு பில்லுல எழுதி வாங்குங்க, கிலோமீட்டரும் தேதியும் கட்டாயம் இருக்கணும்.

கேள்வி: பீட்டர்மாரிட்ஸ்பர்க். ஒரு ஸ்பேர்ஸ் யார்டுல செகண்ட்ஹேண்ட் இன்ஜின் 18,000-க்கு வாங்கி வேற மெக்கானிக்கிட்ட மாட்டினேன். நாலு மாசம் ஆச்சு, இப்ப நீலப் புகை. மூணு மாச கேரண்டி முடிஞ்சுதுன்னு யார்டுல சொல்றாங்க, மெக்கானிக்கு இன்ஜின் என்னுது இல்லன்னு சொல்றாரு.

பதில்: மூணு மாசம்ங்கிறது ரிப்பேர்ல மாட்டின பார்ட்டுக்கும் லேபருக்கும். நீங்க யார்டுல வாங்கினது பொருள். பொருளுக்கு 56-வது பிரிவுல ஆறு மாசம், பழைய பொருளா இருந்தாலும் கடைக்காரர் வியாபாரமா வித்தா பொருந்தும், சரி பண்ணுறதா, மாத்திக் கொடுக்கிறதா, காசைத் திருப்பிக் கொடுக்கிறதான்னு நீங்க சொல்லலாம். ரெண்டு விஷயம் பாத்துக்குங்க. பில்லுல "புகை விடும், இந்த நிலையிலதான் விக்கிறோம்"னு குறிப்பா எழுதி நீங்க கையெழுத்துப் போட்டிருந்தா இது செல்லாது. பழைய இன்ஜின்கிட்ட புது இன்ஜின் மாதிரி எதிர்பாக்கவும் முடியாது, கொஞ்சம் ஆயில் குடிக்கிறதுக்கும் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள இருக்குற அழுத்தம்) போனதுக்கும் வித்தியாசம் உண்டு, அதனால கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்து நம்பரோட போங்க. நாலு மாசம் முடிஞ்சாச்சு, இன்னும் ரெண்டு மாசம்தான் இருக்கு, இந்த வாரமே எழுதுங்க.

இன்ஜின் நம்பர் மாறினதை வண்டிப் பதிவுல மாத்திட்டீங்களா? போலீஸ் கிளியரன்ஸ் வாங்கித்தான் மாத்தணும், அதுக்கு யார்டு கொடுத்த பில்லுல இன்ஜின் நம்பர் இருக்கணும். இல்லன்னா இந்தப் பேச்சு நடக்கும்போதே அதையும் கேட்டு வாங்கிடுங்க, காசைத் திருப்பிக் கொடுத்து உறவு முறிஞ்ச பிறகு எந்த யார்டும் பேப்பர் எழுதித் தராது.